மெயின் ஸ்ட்ரீட்டில் ஸ்டார்பக்ஸ்: பத்து வருஷத்துக்கு மேல் குடித்துப் பார்த்த பிறகு

ஆர்லாண்டோவுக்கு நாங்கள் குடிவந்தது 2011 கடைசியில். வந்த இரண்டாவது மாதமே டிஸ்னி வேர்ல்டுக்கு ஆண்டு பாஸ் எடுத்துவிட்டோம். பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. சனிக்கிழமை காலையில் அவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்குக் கூட்டிப் போவது வீட்டு வழக்கமாகவே ஆனது. அந்தச் சனிக்கிழமைகளின் முதல் நிறுத்தம் மெயின் ஸ்ட்ரீட் பேக்கரி. கோட்டையைப் பார்த்து நடந்தால் தெருவின் வலப்பக்கம், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். உள்ளே சில மேசைகள் கிடக்கும். இலவங்கப்பட்டை ரோல் ஒன்றை வாங்கி மூன்று பேரும் பிய்த்துத் தின்போம். காபிக்காக அங்கே போனதாக எனக்கு நினைவே இல்லை.

2013 தொடக்கத்தில் கடையை மூடி மராமத்து வேலை தொடங்கினார்கள். ஜூன் 16 அன்று திறந்தபோது அது ஸ்டார்பக்ஸ். அன்றிலிருந்து இன்று வரை அந்தக் கவுண்டரில் எத்தனை கப் வாங்கியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. டிஸ்னியின் மற்ற பூங்காக்களிலும், வேறு நிறுவனங்களின் பூங்காக்களிலும் உள்ள சங்கிலிக் காபிக் கடைகளிலும் நிறைய குடித்திருக்கிறேன். தீம் பார்க்குக்குள் சங்கிலிக் கடை வரலாமா என்று நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: வரட்டும், ஆனால் அந்த வீட்டு வழக்கத்துக்கு அடங்கி வரட்டும். அப்புறம், உட்கார நாற்காலி போடட்டும்.

வெளிக் கம்பெனியின் பெயர் உள்ளே வந்ததால் மாயம் போய்விட்டது என்று 2013-ல் பலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் வரலாறு வேறு மாதிரி. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்த காலத்திலேயே மெயின் ஸ்ட்ரீட்டில் கம்பெனிப் பெயர்கள் இருந்தன. ஐஸ்கிரீம் கடைக்குக் கார்னேஷன். மளிகைக் கடை போல அமைத்த மார்க்கெட் ஹவுஸுக்கு இறைச்சி நிறுவனமான ஸ்விஃப்ட். அந்த ஆண்டு முடிவதற்குள் மேக்ஸ்வெல் ஹவுஸ் பெயரில் காபிக் கடையே வந்தது. பின்னால் ஹில்ஸ் பிரதர்ஸ் வந்தது. பூங்கா கட்டவும் நடத்தவும் அந்தப் பணம் தேவைப்பட்டது. மெக்டொனால்ட்ஸின் உருளைக்கிழங்கு வறுவல்கூட டிஸ்னி பூங்காக்களுக்குள் விற்று, 2008-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து வெளியேறியது. மேஜிக் கிங்டம் திறந்ததும், சியாட்டிலில் ஸ்டார்பக்ஸின் முதல் கடை திறந்ததும் ஒரே ஆண்டில், 1971-ல். அதை நினைத்தால் எனக்குச் சின்ன சந்தோஷம்.

ஆகவே பெயர் வந்தது எனக்கு உறுத்தவில்லை. வந்த விதத்தைத்தான் கவனித்தேன். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் முதலில் வந்த ஸ்டார்பக்ஸ், 2012 ஜூனில், டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்துப் பூங்காவான கலிஃபோர்னியா அட்வென்ச்சரின் புவேனா விஸ்டா தெருவோடு சேர்ந்து திறந்தது. கடையின் பெயர் ஃபிட்லர், ஃபைஃபர் அண்ட் ப்ராக்டிகல் கஃபே. 1933-ல் வந்த டிஸ்னி கார்ட்டூனின் மூன்று பன்றிக்குட்டிகளின் பெயர்கள் அவை. அந்தத் தெருவே வால்ட் டிஸ்னி இளைஞராக வந்து இறங்கிய 1920-களின் லாஸ் ஏஞ்சலஸ் போலக் கட்டியது. ஸ்டார்பக்ஸின் சின்னமான பச்சைக் கடல்கன்னியைப் பெரிதாகத் தொங்கவிடவில்லை. கடையின் சொந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் படும். மெயின் ஸ்ட்ரீட் பேக்கரியிலும் அப்படித்தான். பழைய பெயர்ப் பலகை அங்கேயே இருக்கிறது, ஓரமாக ஒரு சின்ன வட்டச் சின்னம், அவ்வளவுதான். கவுண்டரில் நிற்பவர்கள் டிஸ்னியின் ஊழியர்கள், அந்தக் காலத்து உடுப்பில். வெளிக் கடைகளில் பார்க்கும் பச்சை ஏப்ரன் இல்லை.

இந்த ஏற்பாடு புரிந்தால் பல விஷயம் புரியும். இவை உரிமம் பெற்று நடத்தும் கடைகள். கொட்டை, செய்முறை, பயிற்சி, தர விதி எல்லாம் காபி நிறுவனத்துடையது; ஆளும் இடமும் கல்லாவும் பூங்காவுடையது. விமான நிலையங்களிலும் பெரிய அங்காடிகளுக்கு உள்ளேயும் பார்க்கும் கடைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அதனால்தான் வெளியே கிடைக்கும் எல்லாச் சலுகையும் உள்ளே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. எனக்கு ஒருமுறை நல்ல அடி விழுந்தது. வேறொரு மாநிலத்துப் பூங்கா, வேறொரு சங்கிலிக் கடை, பெயர் வேண்டாம். நாற்பது நிமிஷம் வரிசையில் நின்று, ஆர்டர் சொல்லி முடித்து, அலைபேசியில் சேர்த்து வைத்திருந்த இலவசக் கப்பை நீட்டினால், "இங்கே இது செல்லாதுங்க" என்றார் அந்தப் பையன். அவன் மேல் தப்பில்லை. அந்த அறிவிப்பை வரிசையின் தொடக்கத்திலேயே ஒட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எந்தப் பூங்காவிலும் வரிசையில் சேருவதற்கு முன் வாசலில் நிற்பவரிடம் கேட்டுவிடுகிறேன்: எந்த கார்டு செல்லும், எந்தச் செயலியில் ஆர்டர் எடுக்கும் என்று.

அதே பூங்காவில்தான் அம்மாவோடு நடந்த இன்னொரு விஷயமும். அம்மா ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடினோம். கடைக்குள் ஒரு நாற்காலி இல்லை. வெளியே இருந்த இரண்டு பெஞ்சும் வெயிலில் கொதித்தன. "ஏங்கண்ணு, இத்தன பெருசா கட்டியிருக்காங்க, ஒரு திண்ண வெக்கலாமில்ல?" என்றார். கடைசியில் ஒரு பூந்தொட்டியின் சிமென்ட் விளிம்பில், நிழல் விழும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து குடித்தார். சூடு ஆறுவதற்குள் கப் மூடியை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டார். அந்த வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. இப்போது எந்தப் பூங்காக் காபிக் கடைக்குப் போனாலும் முதலில் திண்ணையைத்தான் தேடுகிறேன்.

மெயின் ஸ்ட்ரீட் பேக்கரியில் 2013 மராமத்தோடு உள்ளே இருந்த மேசைகள் போய்விட்டன. அந்த இடம் முழுக்க வரிசைக்கும் கவுண்டருக்கும் கொடுத்தார்கள். காலையில் வாசல் திறந்ததும் உள்ளே பாயும் கூட்டத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே தேவை, ஒரே தெரு. வரிசை மளமளவென்று நகரத்தான் அப்படி அமைத்தார்கள், நகரவும் செய்கிறது. முப்பது பேர் முன்னால் நின்றாலும் மனம் தளராமல் சேர்ந்துவிடுவேன். மேசை இருந்த மூலை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கலிஃபோர்னியாவில் அதே 2013-ல் மார்க்கெட் ஹவுஸை ஸ்டார்பக்ஸாக மாற்றியபோது வேறு வழி எடுத்தார்கள். பக்கத்துக் கடை இடத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி, புத்தக அலமாரிகள் வைத்த ஓர் அறையை உட்காருவதற்கென்றே விட்டார்கள். பழைய மளிகைக் கடை இரும்பு அடுப்பும் இருக்கிறது, சுவரில் மாட்டிய பழைய தொலைபேசிகளும் இருக்கின்றன. அண்ணன் வீடு இர்வைனில், பூங்காவுக்கு அரை மணிப் பயணம். 2014-ல் அம்மாவை அங்கே கூட்டிப்போனோம். அம்மாவுக்குக் கையில் கப்பைக் கொடுத்து, தொலைபேசியை எடுத்துக் காதில் வைக்கச் சொன்னேன். சில விநாடி கேட்டார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெதுவாக, "யாரோ பேசிட்டு இருக்காங்க கண்ணு. வெச்சரட்டுமா?" என்றார்.

அந்தத் தொலைபேசியின் வேலையே அதுதான். ஒரே கம்பியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் ரிசீவரை எடுத்தால் அடுத்த வீட்டுப் பேச்சு காதில் விழும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து உள்ளே ஓடவிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் எண்பதுகளில் ஊரில் டிரங்கால் போட்டுக் காத்திருந்தபோது ஊடே வேறு குரல்கள் வந்ததெல்லாம் நினைவிருக்கிறது. விளக்கிச் சொன்னதும் சிரித்து, மறுபடி காதில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். பிறகு புத்தக அறையில் நாற்காலி கிடைத்தது. அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த நாள் முழுவதும் அவர் ஏறியது ரயிலில் மட்டும்தான், ஆனால் ஊரில் அக்கம்பக்கத்தாரிடம் சொன்னதெல்லாம் அந்தக் காபிக் கடையைத்தான்.

வீட்டு வழக்கத்துக்கு அடங்குவது என்று சொன்னேனே, அதற்கு இன்னொரு இடம் டிஸ்னி வேர்ல்டின் விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டம். டிஸ்கவரி ஐலண்டில் 2015-ல் கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ் என்ற பெயரில் ஸ்டார்பக்ஸ் வந்தது. அந்தப் பூங்காவில் விலங்குகளின் பாதுகாப்புக்காக, திறந்த 1998-லிருந்தே பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது. காகித ஸ்ட்ராதான். சங்கிலிக் கடை வந்தபோதும் அந்த விதி மாறவில்லை. சின்னவன் குளிர்பானத்தை மெதுவாகக் குடிப்பான், பாதியில் ஸ்ட்ரா நைந்துவிடும். இரண்டு ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தொல்லையை நான் மகிழ்ச்சியோடு பொறுத்துக்கொள்வேன். பெரிய கம்பெனி ஒன்று ஒட்டகச்சிவிங்கிக்காகத் தன் ஸ்ட்ராவை மாற்றிக்கொண்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறதே.

டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உள்ள டிராலி கார் கஃபே என்ற ஸ்டார்பக்ஸும் 2015-ல் வந்ததுதான். லாஸ் ஏஞ்சலஸின் பழைய சிவப்பு டிராம் காலத்தை நினைவூட்டும் கட்டடம், உள்ளே செங்கலும் இரும்பும். அழகு, ஆனால் எனக்கு வாங்கிக்கொண்டு கிளம்பும் கடை. அங்கேயே உள்ள எப்காட் பூங்காவில் 2022 ஏப்ரலில் திறந்த கனெக்‌ஷன்ஸ் கஃபே வேறு ரகம். பக்கத்து உணவகத்தோடு சேர்ந்த பெரிய கூடம், உயரமான கண்ணாடிச் சுவர், வேண்டிய அளவு மேசைகள், ஏசி. ஃபுளோரிடாவில் ஜூலை மத்தியான இடிமழை பிடித்துக்கொண்டால் அதன் அருமை தெரியும். ஒன்பது வருஷத்தில் திண்ணை திரும்பி வந்துவிட்டது என்று அன்றே அம்மாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன்.

காபி எப்படி என்று சொல்லவில்லையே. நம் நாக்குக்கு அது கொஞ்சம் கருக வறுத்த காபி. பெரிய கப்பில் பாலை நிரப்பிக் கொடுக்கும் லாட்டேயில் காபி காணாமல் போய்விடும். பல வருஷம் முயன்று நான் கண்டுபிடித்த வழி இது: சூடான பானத்துக்கு ஷார்ட் என்று ஓர் அளவு உண்டு, 8 அவுன்ஸ். பலகையில் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அதில் லாட்டே சொல்லி ஒரு ஷாட், அதாவது ஒரு சின்ன அளவு கெட்டிக் காபி, கூடப் போடச் சொல்லுங்கள். டம்ளர் டபராவில் ஆற்றிய டிகாக்‌ஷன் காபிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். 2015 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு ஃப்ளாட் ஒயிட் வந்த பிறகு அதுவும் எனக்குப் பிடித்துவிட்டது. பால் குறைவு, காபி தூக்கல். சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத் தெரியாமல் பணத்தைக் கொட்டும் நம்மவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். டிஸ்னி பூங்காவில் இந்தக் கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் ஒரு கப் கேட்டால் காசில்லாமல் கொடுப்பார்கள். பாட்டில் வாங்க வேண்டாம். ஆறு பேர் குடும்பமாக வந்தால் ஆறு கப் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். கோடையில் மூன்று நான்கு தடவை கேட்டு வாங்கிப் பிள்ளைகள் தலையில்கூடத் தெளித்திருக்கிறேன்.

வரிசை நீளமாக இருந்தால் ஜாஃப்ரீஸ் என்ற காபி நிறுவனத்தின் வண்டிக் கடைகளைத் தேடுங்கள். பக்கத்து ஊரான டாம்பாவில் 1984-ல் தொடங்கிய நிறுவனம். டிஸ்னி வேர்ல்டு முழுக்க அவர்களுடைய சின்னக் கடைகள் உண்டு. இதில் எனக்கு ஒரு சாய்வு இருப்பதை ஒத்துக்கொள்கிறேன்: உள்ளூர்க் கம்பெனி, என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வறுத்த கொட்டை. எப்காட்டில் உலக நாடுகளைச் சுற்றி நடக்கும்போது அந்த வண்டிகளில் ஒன்றில்தான் நான் நிற்பேன். ஆனால் ஊரிலிருந்து முதல் தடவை வருபவர்களை அழைத்துப் போனால் ஸ்டார்பக்ஸுக்குத்தான் போவேன். பதினெட்டு மணி நேரம் பறந்து வந்து, தூக்கம் கலைந்து, எல்லாமே புதிதாக இருக்கிற இடத்தில், சென்னையிலும் பெங்களூரிலும் சொல்லிப் பழகிய அதே ஆர்டரைச் சொல்ல முடிவது அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று முகத்திலேயே தெரியும்.

குவளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பூங்காவுக்கும் தனிப் படம் போட்ட பீங்கான் குவளை விற்கிறார்கள். அவ்வப்போது படம் மாறும். எங்கள் வீட்டு அலமாரியில் ஆறு இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் வாங்கியது மட்டும் ஈரோட்டில். அம்மா அதில் காபி குடிப்பதில்லை, பேனா ஸ்டாண்டாக வைத்திருக்கிறார்.

வருகிற அக்டோபரில் மறுபடி வருகிறார். முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது, நடை பரவாயில்லை. முதலில் அண்ணன் வீடு, பிறகு இங்கே. போன வாரம் பேசும்போது எந்த ரைடில் ஏறலாம் என்று பிள்ளைகள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் புகுந்து, "அந்த டெலிபோன் இன்னும் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். அண்ணன் போன மாதம் போய் வந்தவன். இருக்கிறது என்றான்.