மணாலி ட்ரெக்கிங்குக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூணாறு, தேவிகுளம், மறையூர், மலைக்கு அந்தப் பக்கம் போடி, தேனி என்று நம் ஆட்கள் பலர் இப்போது பேக்பேக்கை மாட்டிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்புகிறார்கள். அதில் நிறையப் பேர் இன்ஸ்டாகிராமில் தமிழில் பேசி ஆள் சேர்க்கும் ஏற்பாட்டாளர்களிடம் பணம் கட்டித்தான் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஜூன் கடைசியில் ஹம்ப்டா கணவாய்க்கும் சந்திரதால் ஏரிக்கும் போனோம். அதில் என் மச்சான் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது. வெறும் பணம் போன கதையாக இருந்தால் நான் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஏற்பாட்டாளரின் பெயரைப் போடவில்லை. போட்டும் பிரயோஜனமில்லை, ஆள் வருஷத்துக்கு ஒரு பெயரில் பக்கம் நடத்துகிறார். ஏமாற்றும் முறை மட்டும் அதேதான். எனவே அந்த முறையைச் சொல்கிறேன்.

தலைக்கு 16,500 ரூபாய். மணாலியில் தொடங்கி மணாலியில் முடியும். ரூம், சாப்பாடு, டென்ட், ஸ்லீப்பிங் பேக், சர்டிஃபிகேட் உள்ள கைடு, ஆக்ஸிஜன் சிலிண்டர், பெர்மிட், சந்திரதாலுக்கு வண்டி எல்லாம் அடக்கம். "எல்லாம் நாங்க பாத்துக்குறோம் ப்ரோ, நீங்க கைய வீசிக்கிட்டு வந்தா போதும்" என்றார். பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபேயில் போட வேண்டும். நம்பரைப் போட்டால் ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, அக்கா அக்கவுன்ட் என்றார். ரசீது என்று வாட்ஸ்அப்பில் வந்தது லோகோ போட்ட ஒரு கலர் படம். ஜிஎஸ்டி நம்பர், முகவரி எதுவும் கிடையாது.

எர்ணாகுளத்தில் மங்களா எக்ஸ்பிரஸ் ஏறி நிஜாமுதீனில் இறங்குகிற வரை குறையொன்றுமில்லை. கொங்கண் பாதை மழையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். டெல்லியிலிருந்து வால்வோ பஸ் என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார். வந்து நின்றது ஒரு பழைய செமி ஸ்லீப்பர், அதுவும் ஒரு மேம்பாலத்தின் அடியில் எங்களை வெகுநேரம் காக்க வைத்துவிட்டு. ஹிமாச்சல் அரசு போக்குவரத்துக் கழகத்தின் வால்வோ கஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்தே மணாலிக்குப் போகிறது, ஆன்லைனில் நாமே டிக்கெட் போடலாம். பஸ்ஸுக்கெல்லாம் இடைத்தரகர் வேண்டாம்.

மணாலியில் எங்களை வரவேற்க அந்த ஏற்பாட்டாளர் வரவில்லை, அவர் அனுப்பியதாக வேறொருவர் வந்தார். சட்டையில் வேறு கம்பெனிப் பெயர். மீதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்டார். கொடுத்த பிறகு, ரோதாங் பெர்மிட்டுக்குத் தலைக்கு 550 ரூபாய் தனி என்றார்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள், பலரிடம் இப்படி வாங்குகிறார்கள். ரோதாங் பெர்மிட் என்பது ரோதாங் கணவாய்க்கு மேலே ஏறும் சுற்றுலா வண்டிக்கு வாங்குவது. வண்டிக்கு ஒன்று, தலைக்கு ஒன்று அல்ல. ஹம்ப்டா நடைபாதை ரோதாங்கைத் தொடுவதே இல்லை. மணாலியிலிருந்து ஜோப்ரா வரை வண்டி, அப்புறம் சிக்கா, பாலு கா கேரா, கணவாய், சியா கோரு வழியாக நடந்து அந்தப் பக்கம் லாஹுலில் சத்ரூவில் இறங்குகிறோம். சந்திரதால் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டி அடல் சுரங்கப்பாதை வழியாக வரும். 2020 அக்டோபரில் திறந்த, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்துக்கு ரோதாங் பெர்மிட் தேவையே இல்லை. இதையெல்லாம் எங்களோடு வந்த மறையூர் நண்பர் எடுத்துச் சொன்னார். "அப்படியானால் ஜீப் வராது" என்று பதில் வந்தது. ராத்திரி எட்டு மணி, வெளியே மழை, கையில் வேறு ரூம் இல்லை. கொடுத்தோம்.

மறுநாள் ஜோப்ராவில் மூன்றாவது ஆள் வந்தார். டென்டும் கோவேறு கழுதையும் அவருடையவை. பத்துப் பேர் பேட்ச் என்று சொல்லியிருந்தார்கள், அங்கே டெல்லி, சூரத் கூட்டங்களும் சேர்ந்து இருபதைத் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே கைடு, இருபது வயதுகூட நிரம்பாத பையன். சமைப்பதும் அவன், பொதி ஏற்றுவதும் அவன், வழி காட்டுவதும் அவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் அவனுக்குச் சாப்பாடு. எனக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. முன்னால் படுத்தவர் யாரோ ஷூ லேஸைக் கோத்துக் கட்டி வைத்திருந்தார், அந்த லேஸோடவே என் கைக்கு வந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றது கையில் அடங்கும் ஒரு ஸ்ப்ரே டப்பா. விட்டுவிட்டு அழுத்தினால் சில நிமிஷம் வரும். அடியில் பார்த்தால் காலாவதி தேதி முடிந்திருந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்ன புதிதா என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. மூணாறு டவுன் 1,500 மீட்டர் சொச்சம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். ஜோப்ராவில் நடக்க ஆரம்பிக்கிற இடமே அதைவிட உயரம். கணவாய் கிட்டத்தட்ட 4,270 மீட்டர். நம் காலுக்கு ஏற்றம் பழக்கம்தான், உடம்புக்கு அந்தக் காற்று பழக்கமில்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனால், இன்று தூங்குகிற இடத்தைவிட நாளை தூங்குகிற இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால்தான் ஒழுங்கான குழுக்கள் முதல் ராத்திரி சிக்காவில் தங்க வைத்து, மறுநாள் பாலு கா கேராவுக்கு ஏற்றுகின்றன. எங்களுக்கு அனுப்பிய திட்டத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

ஆனால் சிக்காவில் நிறுத்தவே இல்லை. டீ குடித்துவிட்டு நேரே நட என்றார்கள். முந்தின ராத்திரி 2,050 மீட்டரில் மணாலியில் தூங்கினவர்கள், அன்று ராத்திரி 3,600 மீட்டருக்குப் பக்கத்தில் படுத்தோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு ராத்திரியை வெட்டினால் இருபது பேரின் ஒரு நாள் சாப்பாடும் கழுதைக் கூலியும் மிச்சம், டென்டும் அடுத்த பேட்சுக்குச் சீக்கிரம் திரும்பிவிடும்.

அன்று ராத்திரியே மச்சானுக்குத் தலைவலி. பின்னிரவில் இரண்டு முறை வாந்தி. பையன் பூண்டு சூப் வைத்துக் கொடுத்து, "கணவாய் தாண்டினால் சரியாகிவிடும்" என்றான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். காலையில் மச்சான் டென்டை விட்டு வெளியே வந்தபோது கால் பின்னியது, பேச்சும் குழறியது. "ஒண்ணுமில்ல மச்சான், தூக்கம் பத்தல" என்று என்னிடமே சமாளித்தான்.

பக்கத்து முகாமில் வேறொரு குழு இருந்தது. அவர்கள் கைடுக்கு நாற்பது வயதிருக்கும். இவன் நடப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். டென்ட் கயிற்றைத் தரையில் நேராகப் போட்டு, ஒரு கால் குதிகாலில் மறு கால் விரல் படும்படி அதன் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மச்சான் பக்கவாட்டில் சாய்ந்தான். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார், அறுபதுகளில் காட்டியது. மூளையில் நீர் கோத்து வீங்கும்போதுதான் இப்படித் தள்ளாடும், இனி ஒரு அடிகூட மேலே போகக் கூடாது, இந்த நிமிஷமே இறங்குங்கள் என்றார். தன் உதவியாளர் ஒருவரையும் எங்களோடு அனுப்பினார். அந்த மனிதருக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை.

சிக்காவுக்கு வந்தபோது வாந்தி நின்றிருந்தது. ஜோப்ராவில் அவனே டீ கேட்டான். அந்த நோய்க்கு உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான், டப்பா ஆக்ஸிஜனும் பூண்டு சூப்பும் இல்லை.

மறையூர் நண்பரும் இன்னொருவரும் மட்டும் மேலே தொடர்ந்தார்கள். அவர்கள் கதை வேறு மாதிரி. சத்ரூவுக்கு முன்னால் ஒரு ஓடையைக் கடக்க வேண்டும். பனி உருகி வரும் தண்ணீர், வெயில் ஏற ஏற வேகம் கூடும், அதனால் காலையிலேயே கடப்பதுதான் வழக்கம். கூட்டம் பெரிது, கைடு ஒருவன், கிளம்பவே தாமதம். மதியத்துக்கு மேல் தொடைவரை தண்ணீரில், கயிறு இல்லாமல், கைகோத்துக் கடந்திருக்கிறார்கள். சத்ரூவில் நின்ற வண்டி வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட்டக்கூடாத அந்த வண்டி வழியில் கவிழ்ந்திருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். சந்திரதாலில் கேம்ப் புக் செய்யவே இல்லை. ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட்டார்கள்.

மணாலிக்கு வந்ததும் ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டேன். "பாதியில இறங்குனது உங்க முடிவு ப்ரோ, ரீஃபண்ட் பாலிசில வராது" என்றார். எந்தப் பாலிசி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதும் லைன் கட். அன்று மாலையே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

டென்ட்காரர்தான் கணக்கை உடைத்துச் சொன்னார். நாங்கள் கொடுத்த 16,500-ல் மணாலி ஆளுக்கு வந்தது 9,000. அதில் டென்ட்காரருக்குத் தலைக்கு 5,000. இந்த 5,000-க்குள் சாப்பாடு, கழுதை, டென்ட், பையனின் கூலி எல்லாம் வர வேண்டும். நம் தாத்தாக்களை மலையேற்றிய கங்காணியும் இப்படித்தான், ஒவ்வொரு தலைக்கும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் எஸ்டேட்டில் கொண்டுபோய் விட்டார். தமிழில் பேசினார், நம்மூர்க்காரர் என்றார், அதனால் நம்பினார்கள். பணம் வாங்குகிற ஆளுக்கும் உங்களோடு மலையில் நடக்கிற ஆளுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? பணம் கட்டும் முன்பே, கூட வரப்போகிற கைடோடு போனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கானவர்கள் பேச வைப்பார்கள், மற்றவர்கள் மழுப்புவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை கிடையாது. பேசும்போது அவர் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். மணாலியிலேயே அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உத்தரகாசியில் நேரு நிறுவனம் 1965-லிருந்தும், டார்ஜிலிங்கில் ஹிமாலயன் நிறுவனம் 1954-லிருந்தும் நடக்கின்றன. சர்டிஃபிகேட் என்று சொன்னால் இந்த மாதிரி இடத்திலிருந்து இருக்க வேண்டும். கம்பெனி ஹிமாச்சல் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ததா, நம்பர் என்ன என்பதையும் கேட்டு வாங்குங்கள். எந்த ராத்திரி எந்த முகாம், அது எத்தனை மீட்டர் உயரம் என்று எழுத்தில் வாங்கி, அந்த 500 மீட்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உடம்பு முடியாமல் இறங்கினால் யார் கூட வருவார்கள், வண்டிச் செலவு யாருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும். எங்களிடம் ஜோப்ராவிலிருந்து மணாலிக்கு ஜீப் வாடகை தனியாகக் கறந்தார்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் நம் ஊருக்குத் தெரியாததா? 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு நம் பக்கம் யார் பையை மாட்டிக்கொண்டு வந்தாலும், வனத்துறை அனுமதி இருக்கா, கைடு யாரு என்று டீக்கடைக்காரர்கூடக் கேட்கிறார். மணாலிக்காரரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம், தப்பில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே விவரம், அந்த கலர் ரசீது எதையும் நான் அழிக்கவில்லை.

இதற்கிடையில் அந்த ஆள் புதுப் பெயரில் செப்டம்பர் பேட்சுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். விளம்பரப் படத்தில் ஜோப்ராவில் பை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பது நாங்கள்தான், நடுவில் என் மச்சான். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தால் மீதியைக் கட்டாதீர்கள். முதலில் கைடோடு பேசக் கேளுங்கள்.