ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசைப் பலகைகள்: நாகர்கோவில் ஈரத்தில் எப்படித் தாங்குகின்றன?

நாகர்கோவிலில் கிச்சன் கப்போர்டும் அலமாரியும் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. கண்ணை எரிக்கும் வாயுவான ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையில் ஒட்டிய பலகைகளை வாங்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற ஊர் இது. பலகையைச் சோதித்துப் பார்க்க வேறெங்கும் போகவேண்டாம். ஆலைகளின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஆலையின் சரக்கே லோடுக்கு லோடு மாறுகிறது. பசையைப் பற்றிப் பேசினால்தான் பிரயோஜனம்.

முதலில் சாதாரணப் பலகையின் குறை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எம்டிஎஃப் (மர நாரை அழுத்தியது), பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்தியது), எம்ஆர் பிளைவுட் (ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண பிளைவுட்) இவற்றில் பெரும்பாலானவை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்தியவை. மலிவான பசை, பிரஸ்ஸில் சீக்கிரம் இறுகும், மரத்தில் கறை விடாது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு மெல்ல மெல்லப் பிரியும். பிரியும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியே வரும். மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்தால் கண் எரிவதும், அதே பலகை சில வருடத்தில் பொதபொதவென்று ஆவதும் ஒரே காரணத்தால்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களைத் தங்கவைத்த, இப்படிப்பட்ட பலகைகள் நிறைந்த டிரெய்லர் வீடுகளில் பலர் மூச்சுத் தொல்லையும் கண்ணெரிச்சலும் சொன்னார்கள். பின்னர் 519 டிரெய்லர்களில் அளந்தபோது காற்றில் இந்த வாயு சராசரியாக 100 கோடியில் 77 பங்கு என்று வந்தது. சின்ன அறை, மூடிய சன்னல், கடலோரப் புழுக்கம்: நம் ஊர்ப் படுக்கையறைக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

கடைக்காரர்கள் இங்கே உடனே நீட்டுவது 'ஈ1', 'ஈ0' என்கிற ஸ்டிக்கரை. ஈ1 என்பது ஐரோப்பிய அளவு: சோதனை அறையின் காற்றில் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லி கிராமுக்கு மேல் போகக்கூடாது. அந்தச் சோதனை அறையில் வெப்பம் 23 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம். சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டு மச்சுக்குள் வைத்த அலமாரியில் 23 டிகிரியை யார் பார்த்தார்கள்? ஏசி போட்ட கடையில் வாடையே இல்லாத ஈ1 பலகை, தளத்துக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்டில் நன்றாகவே மணக்கும். ஈ0 என்பது ஐரோப்பியத் தரநிலையில் இல்லாத வகுப்பு. கடைக்குக் கடை அதற்கு வேறு அர்த்தம். இதைவிடத் தெளிவானது கலிபோர்னியா 2007ல் கொண்டுவந்த விதி. ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையையும், ஃபார்மால்டிஹைடு இருந்தும் மிகக் குறைவாக வெளிவிடும் பசையையும் அது தனித்தனிப் பிரிவாக வைத்தது. 'சேர்க்காத' என்றுதான் சொல்லவேண்டும், 'இல்லாத' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம். மரமே இயல்பாகக் கொஞ்சம் வெளிவிடும்.

சரி, பசைக்கு வருவோம். நான் அதிகம் பயன்படுத்தியது சோயா பசையில் ஒட்டிய பிளைவுட். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவின் புரதம்தான் இதற்கு அடிப்படை. சோயா பசை புதிதல்ல. 1920கள் முதல் அமெரிக்க பிளைவுட் ஆலைகளில் ஓடியதுதான், தண்ணீர் பட்டால் விட்டுவிடும் என்பதால் பின்னால் ஓரங்கட்டப்பட்டது. அதை மீட்டவர் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ. அலை அடிக்கிற பாறையில் சிப்பி எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்ததில் அவருக்கு வந்த யோசனை. சிப்பியின் நாரில் உள்ள புரதத்தைப் போல நடந்துகொள்ளும்படி சோயாப் புரதத்தை மாற்ற முயன்றார். அதோடு, புரத இழைகளை ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்கவைக்கும் ஒரு குறுக்கிணைப்புப் பிசினைச் சேர்த்தார்கள். நனைந்தாலும் டிஷ்யூ பேப்பர் கரைந்துபோகாமல் இருக்கக் காகித ஆலைகள் போடும் அதே பிசின். கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் 2005ல் அந்தப் பசையோடு பிளைவுட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. கடியபட்டணம், குளச்சல் பக்கம் முங்கிச் சிப்பி எடுக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், இரும்பு இல்லாமல் அதைப் பாறையிலிருந்து பெயர்க்க முடியாது. எங்கள் ஆசாரியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்போ இதை நாம தின்னுட்டுல்லா இருந்தோம்" என்றார்.

சோயா பிளைவுட்டில் படுக்கையறை அலமாரி, புத்தக ஷெல்ஃப், பிள்ளைகளின் கட்டில், டிவி யூனிட் எல்லாம் செய்திருக்கிறோம். பிரித்த அன்று மர வாசனையைத் தவிர வேறொன்றும் இருக்காது. திருகாணி பிடிப்பதில், ரம்பம் ஓடுவதில் சாதாரண பிளைவுட்டோடு வித்தியாசம் தெரியவில்லை. மழைக்காலத்தில் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்பலகை லேசாக வளைந்த வீடுகள் உண்டு. ஆனால் அதே சுவரில் சாதாரண எம்ஆர் பலகையும் வளைந்தது. அடுக்கு பிரிந்ததாக இதுவரை எந்த அலமாரியிலும் பார்க்கவில்லை. "சோயான்னா கரையான் விருந்துக்கு வருமே?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. ஒரு வீட்டின் லாஃப்டில் இரண்டு வகைப் பலகையும் இருந்தன, கரையான் இரண்டையும் பாரபட்சம் இல்லாமல் தின்றிருந்தது. மருந்து ஏற்றாத மரம் எதுவானாலும் கதி அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நேராகப் பேசவேண்டும். சோயா பிளைவுட் பெரும்பாலும் உட்புற உபயோகத்துக்கானது. அமெரிக்கத் தரநிலையில் அதற்குரிய சோதனை, 4 மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து 19 மணி நேரம் வெப்பக்காற்றில் உலர்த்துவது, அப்படி மூன்று சுற்று. நம் ஊர் ஐஎஸ் 710 என்கிற இந்தியத் தரநிலையின் மரைன் பிளைவுட்டோ 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து தேறவேண்டும். இரண்டும் வேறு வேறு பரீட்சை. பட்டறையில் துண்டுகளை அண்டாவில் போட்டுப் பகல் முழுக்கக் கொதிக்கவிட்டுப் பார்த்தோம். சோயா துண்டின் ஓரத்தில் மேல் வெனீர் (மெல்லிய மரத் தகடு) தூக்கிக்கொண்டது, மரைன் துண்டு நிறம் கறுத்ததோடு சரி. அதனால் சிங்க்குக்கு அடியில் சோயா போடுவதே இல்லை.

அந்த இடத்துக்கு நான் போடுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையில் செய்த மரைன் பிளைவுட்தான். பெயரிலேயே ஃபார்மால்டிஹைடு இருக்கிறதே என்று மிரளுகிறார்கள். பிரஸ்ஸில் நன்றாக இறுகிவிட்டால் இந்தப் பிணைப்பு யூரியா பசையைப் போல ஈரத்தில் பிரிவதில்லை, வெளிவரும் வாயுவும் மிகச் சொற்பம். ஈரமான இடத்தில் 'சேர்க்காத' பலகையை வைத்து இரண்டு மழையில் மாற்றுவதைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. இடையில் ஒரு ஏஜென்ட் முந்திரிக்கொட்டை எண்ணெயில் செய்த 'இயற்கைப் பசை' என்று ஒரு பிளைவுட்டைக் கொண்டுவந்தார். முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டம் என்பதால் எங்களுக்கு அது கேட்கவே சந்தோஷம். ஆனால் அந்த எண்ணெய் பொதுவாக ஃபீனாலில் ஒரு பகுதிக்கு மாற்றாகப் போவது. ஃபார்மால்டிஹைடு அங்கேயேதான் இருக்கிறது. அதைச் சொன்னதும் ஏஜென்ட் பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்தது எம்டிஐ என்கிற ஐசோசயனேட் பசையில் அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டும் எம்டிஎஃப்பும். இது மரத்தின் ஈரத்தோடும் நாரோடும் வினைபுரிந்து பிடிப்பதால் பசை குறைவாகவே போதும், பிடிப்பு பலம், தண்ணீருக்கு அசைவதில்லை. ஐசோசயனேட் என்றதும் 1984 போபால் நினைவுக்கு வந்து ஒரு அம்மா ஆர்டரையே நிறுத்தச் சொன்னார். நியாயமான பயம். போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட், எளிதில் ஆவியாகும் வேறு பொருள். எம்டிஐ எளிதில் ஆவியாவதில்லை, பலகையில் இறுகியபின் வேறு பொருளாகவே மாறிவிடுகிறது. ஆபத்து உண்மையில் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு. இறுகாத எம்டிஐயைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். பிரஸ் தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் பசை என்பதால் ஆலைக்காரர்களுக்கு வேலையும் அதிகம், விலையில் அது தெரிகிறது.

இந்த எம்டிஐ பலகையில்தான் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கிச்சனில் கீழ் கேபினட் செய்து கொடுத்த ஒரு வீட்டில் தினமும் தரை துடைக்கிற தண்ணீர் அடியில் தேங்கி, பக்கப்பலகையின் அடி விளிம்பு உப்பிவிட்டது. உப்பிய இடத்தை வெட்டிப் பார்த்தால் தூள்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துத்தான் இருந்தன. நகத்தால் கீறினால் உதிரவில்லை. பசை தோற்கவில்லை. அழுத்தி நசுக்கிய மரத்தூள் தண்ணீர் குடித்ததும் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். எந்தப் பசையாலும் அதை முழுக்கத் தடுக்க முடியாது, காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. யூரியா பலகை என்றால் அதே நிலையில் ரவை மாதிரி கையோடு வந்திருக்கும், வித்தியாசம் அதுதான். அதற்குப் பிறகு அடியில் நாலு இஞ்ச் பிவிசி கால் இல்லாமல் கேபினட் இறக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பின் விளிம்பு, அடி விளிம்பு, கீலுக்கும் குழாய்க்கும் போட்ட துளை எல்லாவற்றையும் சீல் செய்கிறோம். முன்பக்கம் மட்டும் எட்ஜ் பேண்ட் ஒட்டிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விடும் வழக்கம் இங்கே நிறைய. ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

லோடு வந்ததும் எப்படிச் சரிபார்க்கிறேன் என்று கேட்கிறார்கள். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான மீட்டரை நம்பவேண்டாம். சானிடைசர், சென்ட், பெயின்ட் எதைக் காட்டினாலும் அதில் முள் எகிறும். நான் செய்வது எளிது: புதிதாக அறுத்த துண்டை ஈரப் பஞ்சோடு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, வெயிலில் ஒரு பகல் வைத்து, சாயங்காலம் லேசாகத் திறந்து முகர்வது. யூரியா பசை இருந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். 'சேர்க்காதது' என்று பில் போட்டு வந்த ஒரு லோடு இப்படித்தான் பிடிபட்டது. திருப்பி அனுப்பினோம், வண்டி வாடகை எங்கள் தலையில். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும். ஸ்டிக்கரை விட்டுவிட்டு, எந்தப் பசை என்று எழுதிய சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஏற்றுமதி செய்யும் ஆலைகளிடம் அது இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்டிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரம்பைக் கன மீட்டருக்கு 0.062 மில்லி கிராமாக இறக்குவதால் அந்தக் காகிதம் இனிக் கொஞ்சம் சுலபமாகவே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

விலை? நான் வாங்கும் சோயா பிளைவுட் நல்ல மரைன் பிளைவுட்டின் விலையைத் தொட்டுவிடுகிறது, எம்டிஐ போர்டு சாதாரணத்தைவிடக் கணிசமாகக் கூடுதல். வீடு முழுக்கப் போடச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவதில்லை. பணம் குறைவு என்றால் தூங்குகிற அறைக்கும் பிள்ளைகள் அறைக்கும் மட்டும் போடுங்கள். காற்றோட்டமுள்ள ஹாலுக்கு முறையான ஈ1 பலகையே, எல்லா விளிம்பும் மூடியிருந்தால், போதும்.

கடைசியாக மைக்கா ஒட்டும் பசை. இவ்வளவு பார்த்துப் பலகை வாங்கிவிட்டு, மைக்காவை ரப்பர் சொல்யூஷனில் ஒட்டினால் அதன் கரைப்பான் வாடை வாரக்கணக்கில் வீட்டைவிட்டுப் போகாது. அதில் ஃபார்மால்டிஹைடு இல்லை, உண்மைதான். தலைவலிக்கு அந்தக் கணக்கு தெரியாதே. நாங்கள் வெள்ளைப் பசையில், அதிலும் தண்ணீர் தாங்கும் டி3 வகையில், கிளாம்ப் போட்டு இரவு முழுக்க அழுத்தி வைக்கிறோம். ரப்பர் சொல்யூஷன் தொட்டதும் பிடிக்கும், இது பிடிக்காது. வளைவான விளிம்புக்கும் ஆகாது. வேலை ஒரு நாள் கூடும், கூலியும் கூடும். அதை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.