முள்முருக்கா, பூவரசா: கொன்கோர்ட் செதுக்க எது நல்லது?

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம் கொன்கோர்ட். யாழ்ப்பாணத்தில் அதன் மாதிரியைச் செதுக்க, மிக இலேசான பல்சா மரம் தேடி அலைய வேண்டாம். வேலியிலேயே இரண்டு மரங்கள் நிற்கின்றன.

முள்முருக்கு, கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடும் அதே மரம், மிகவும் மெதுமையானது. சின்னக் கத்தியே போதும், உடற்பகுதி சீக்கிரம் உருண்டு வந்துவிடும். ஆனால் நார் தடிப்பு, உளுத்துப்போகும். பச்சையாகச் செதுக்கினால் காயும்போது கோணும். பெயின்ற் அடிக்கமுன் துளைகளை அடைக்க மாப்பூச்சு பூசித் தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

பூவரசில் உளி வேண்டும், பொறுமையும் வேண்டும். பலன் இறக்கையில் தெரியும். உண்மையான கொன்கோர்டின் நீளம் 61.66 மீற்றர், இறக்கை விரிவு 25.6 மீற்றர். 1:200 அளவில் இறக்கை 12.8 சென்ரிமீற்றர்தான், அதன் ஓரம் தாள்போல மெலிய வேண்டும். முருக்கு அங்கே பிய்ந்துவிடும், பூவரசு தாங்கும். ஊசி மூக்குக்கும் இதே கதைதான். இறக்கையைத் தனியாகச் செதுக்கி ஒட்டுங்கள். மரத்தின் இழை உடலிலிருந்து நுனிநோக்கி ஓடட்டும். வைரப்பகுதியின் கபில நிறம் அழகு, வெள்ளை பூசி மறைக்க எனக்கு மனம் வராது.

கொன்கோர்டுக்கு என் தெரிவு பூவரசு. போயிங் 747 மாதிரிக் கொழுத்த உடம்பென்றால், சரி, முருக்கே போதும்.