கடையில் அள்ளிக் கட்டித் தரும் டைல் கிரவுட்டை வாங்காதீர்கள், எனக்கு 62,000 ரூபா போய்விட்டது

டைல் வேலைக்குப் புதிதாக இறங்கியிருக்கிற தம்பிமார் எல்லோரும் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். நேற்றுத்தான் கடைசியாக அந்தக் கடைப்படி ஏறி இறங்கினேன். இன்னும் கை நடுங்குகிறது. 62,000 ரூபா. என்னைப் போல தோட்டத்து லயத்திலிருந்து வந்து சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நல்லதண்ணிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ். சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் பௌர்ணமியோடு தொடங்கும், அதற்கு முன்னால் மூன்று பாத்ரூமுக்கும் வராந்தாவுக்கும் டைல் போட்டு முடிக்க வேண்டும் என்றார் உரிமையாளர். நான் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை. வழுக்காத ஒரு அடி டைல், ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. கிரவுட் என்றால் டைல் இடைவெளியை அடைக்கிற சிமெந்துப் பொடி. அந்த அகலத்துக்கு மணல் கலந்த கிரவுட்தான் போட வேண்டும். மணல் இல்லாத நைசான வகை மூன்று மில்லிமீட்டர் வரைக்கும்தான் சரி வரும். அதற்கு மேல் போனால் காயும்போது சுருங்கி வெடிக்கும். என்னைப் பழக்கிய மாமா முதல் கிழமையே சொல்லித் தந்த விஷயம் இது.

முதல் பாத்ரூமுக்கு முந்திய வேலையில் மிச்சமான, சீல் உடைக்காத கிரவுட் பை ஒன்று கையில் இருந்தது. மற்ற இரண்டுக்கும் வராந்தாவுக்கும்தான் வாங்கப் போனேன். டவுனில் பெரிய ஹார்ட்வெயார் கடை, எந்நேரமும் கூட்டம். நான் கேட்ட கேள்வி அப்படியே ஞாபகம் இருக்கிறது: "முதலாளி, அஞ்சு மில்லிமீட்டர் கேப், மணல் கலந்ததுதானே?" அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, இது கம்பனி சாமான். பெரிய மூட்டையில வருது, நாங்க கிலோக் கணக்குல கட்டித் தாறோம். எல்லாத்துக்கும் போடலாம். ஹட்டன்ல பாதி ஹோட்டலுக்கு நம்ம சாமான்தான். பயப்படாம கொண்டு போங்க." பின்னால் வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து ஒரு பையன் அள்ளி, மெல்லிய பொலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித் தந்தான். மூட்டையின் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. தோளில் வைத்த அந்தக் கையைத்தான் நான் நம்பினேன்.

வேலை முடித்துக் காசில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில் வட்ஸ்அப்பில் படம் படமாக வந்தது. இடைவெளியெல்லாம் மயிர்க்கோடு போல வெடிப்பு. உடனே ஓடினேன். ஒரு டைல் விடாமல் காசால் தட்டிப் பார்த்தேன், அடியில் வெற்றிடம் இருந்தால் வரும் பொள்ளல் சத்தம் எங்கேயும் இல்லை. டைல் அசையவில்லை. மூலைகளில் சிலிக்கன் போட்டிருந்தேன், அதுவும் அப்படியே இருந்தது. வெடித்தது நடுத்தளத்தில், இடைவெளியின் நீளத்துக்கு. நகத்தால் கீறினால் மாவு மாதிரி கொட்டியது. முதல் பாத்ரூமில் ஒரு கோடு கூட இல்லை! அதே கை, அதே வாளி, அதே தண்ணீர் அளவு. மாறினது கிரவுட் மட்டும்தான்.

மணல் இல்லை என்பது ஒரு பக்கம். மூட்டை எவ்வளவு காலம் திறந்து கிடந்ததோ தெரியாது. நம்ம ஊர் மூடுபனிக்கு சிமெந்து சேர்ந்த எந்தச் சாமானையும் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்து பாதி அங்கேயே இறுகிவிடும். அப்புறம் எப்படிக் குழைத்தாலும் பிடிப்பு வராது.

உரிமையாளரிடம் இரண்டு தரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தார், ஒத்துக்கொண்டார். "சரி தம்பி, ஆனா எனக்குக் கடையத் தெரியாது, உங்களத்தான் தெரியும்" என்றார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வெடித்ததையெல்லாம் சுரண்டி எடுத்து, கூட ஒருவரை வைத்து, சீல் பை வாங்கித் திரும்பப் போட்டேன். அதற்கு 17,000 ரூபா என் கையிலிருந்து. போயா விடுமுறைக்கு அறைகள் பூட்டிக் கிடந்த நட்டத்துக்கு என்று என் மிச்சக் கூலி 45,000 ரூபாவை அவர் பிடித்துக்கொண்டார். மொத்தம் 62,000.

கடைக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. முதலில் "தண்ணி கூடிப்போச்சு, மேசன் பிழை." அப்புறம் "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் "கம்பனி ஆள் வந்து பார்ப்பார்." எந்தக் கம்பனி என்று கேட்டால் பதில் இல்லை. பில்லை நீட்டினேன். அதில் "சாமான்" என்று எழுதி ஒரு தொகை மட்டும். அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருக்கிறது. நேற்று அதே முதலாளி கடை நிறைய ஆட்கள் பார்க்க, "இது எங்க கடை சாமானே இல்ல. வேலை பழகுறவனுங்க செய்ற பிழைக்கெல்லாம் நாங்க பொறுப்பா?" என்று கத்தினார். தோளில் கை வைத்துத் தம்பி என்ற அதே மனிதர். புதியவன் என்றால் பழியை எங்கே வேண்டுமானாலும் அவன் தலையில் கட்டலாம் என்று நினைக்கிறார்கள். எனக்குக் காசை விட அந்த வார்த்தைதான் எரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பை, அதில் பெயர், திகதி, எத்தனை மில்லிமீட்டருக்கு என்ற அளவு. இது மூன்றும் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பில்லில் சாமானின் பெயரை எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் கடையை விட்டு இறங்குங்கள். வெறும் பையை எறியாதீர்கள், வேலை முழுதாகத் தீரும்வரை வைத்திருங்கள். வாடிக்கையாளரோடு கூலிப் பிரச்சினை வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று எங்கள் கிராம சேவகர் சொன்னார். கடைக்காரருக்கு எதிராக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மிச்சமிருந்த ஒரு பொலித்தீன் பையை ரப்பர் பேண்ட் கூடக் கழற்றாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் யாராவது இதே மாதிரி கட்டித் தந்த கிரவுட் வாங்கி வெடித்திருந்தால், பையையும் பில்லையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன். இந்தக் கிழமைக்குள் அனுப்பினால் நல்லது.