நம்பர் பொறிக்காத ஸ்கால்பெல் ஹேண்டிலை வாங்காதீர்கள்

ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் ஸ்கால்பெல்லுக்கு, அதாவது ஆபரேஷன் கத்திக்கு, பிளேடு மாட்டும் 4ஆம் நம்பர் ஹேண்டில் இரண்டும், 22ஆம் நம்பர் பிளேடு ஒரு பெட்டியும் வேண்டும் என்று சர்ஜிக்கல் கடைக்குப் போன் செய்தேன். அன்று மாலையே வந்துவிட்டது. ஆனால் ஹேண்டிலில் நம்பரே பொறிக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாலுதான் சிஸ்டர், எல்லா பிளேடும் ஏறும்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை மாட்டும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. பிளேடு ஏறியது, ஆனால் 'டிக்' என்று உட்காரவில்லை. நீடில் ஹோல்டரால் (தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கி) தொட்டாலே ஆடியது. பழைய 4ஆம் நம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் நுனி ஒடுங்கலாக இருந்தது, அசல் 3ஆம் நம்பர் அளவு. 10, 11, 12, 15 பிளேடுகள்தான் அதில் சரியாக நிற்கும். 20 முதல் 24 வரை உள்ள பெரிய பிளேடுகளுக்குத் துவாரம் அகலம், 4ஆம் நம்பர்தான் வேண்டும். வயிற்றைத் திறக்கும் நேரத்தில் அது கழன்றிருந்தால்? இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, புதிதாகச் சேர்ந்த பெண் இன்னொரு ஹேண்டிலை எடுத்து, இறுகட்டும் என்று விரலாலேயே அழுத்திவிட்டாள். பிளேடு சறுக்கிக் கிளவுஸைக் கிழித்தது. கட்டைவிரலில் இரண்டு தையல். நல்லவேளை, யார் உடம்பிலும் படாத புது பிளேடு.

சரியான ஹேண்டிலாக இருந்தாலும் பிளேடைக் கையால் மாட்டவே கூடாது. முனை நம்மையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்க்காமல் வைத்து, வெட்டாத முதுகுப் பக்கத்தை நீடில் ஹோல்டரால் பிடித்து, ஹேண்டில் நுனியில் உள்ள காடியில் தள்ள வேண்டும். கழற்றும்போதும் நீடில் ஹோல்டரால்தான் பிளேடின் அடிப்பகுதியை லேசாகத் தூக்கி முன்னால் தள்ளினால் வந்துவிடும். அப்புறம் நேராக, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் வெள்ளை டப்பாவுக்குள்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது." கையில் பில்லும் இல்லை, எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான். அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு பேட்ச் நம்பர், உள்ளே இருந்த உறைகளில் வேறொன்று. சில உறைகளின் ஓரம் ஒட்டாமல் வாய் பிளந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் பிளேடில் துருப் புள்ளி.

பில் இல்லாமல் சரக்கை வாங்கி வைக்காதீர்கள். சரக்கு கொண்டுவந்த ஆள் போவதற்குள் ஒரு பிளேடை மாட்டிப் பாருங்கள். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, லைசென்ஸ் எண் மூன்றும் உறையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு ஹேண்டில்களையும் மீதிப் பெட்டியையும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுப்பதற்கு.