உப்புக் காற்றில் கிராவல் சைக்கிள்: ராமநாதபுரம் கடலோரத்தில் எது தாங்குகிறது, எது தாங்குவதில்லை

சரளையிலும் மண் ரோட்டிலும் ஓட்டும் கிராவல் சைக்கிள் என்றாலே மலைப்பாதையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். ஏற்றத்துக்குச் சின்ன கியர், இறக்கத்துக்கு நல்ல பிரேக் என்றுதான் கடையிலும் ஆரம்பிப்பார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் கண்மாய்க் கரையில் ஏறுவதுதான் ஏற்றம். இங்கே எதிரே நிற்பவை காற்று, மணல், முள், உப்பு. முதல் மூன்றும் ஓட்டுகிறவரைப் படுத்தும், அவ்வளவுதான். சைக்கிள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை உப்புதான் முடிவு செய்கிறது.

தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை பல பருவங்கள் ஓட்டியும் பராமரித்தும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறோம். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), முன்னே மிதிகட்டையோடு சுற்றும் ஒரே செயின்ரிங், பின்னே 11 கியர், கேபிள் டிஸ்க் பிரேக். பலரும் வாங்கும் சாதாரண அமைப்பு இதுதான்.

வண்டித் தொல்லை இல்லாத வழிகள் நிறையவே இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையையும் ராமேஸ்வரம் நெடுஞ்சாலையையும் குறுக்கே கடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருப்புல்லாணி, சேதுக்கரை, பெரியபட்டினம் பக்கம் பனங்காட்டுக்குள் போகும் மண் ரோடுகள், கண்மாய்க் கரைகள், வாலிநோக்கம் பக்கத்து உப்பளச் சாலைகள், இவைதான் இந்தச் சைக்கிளுக்கு ஏற்ற இடம். உப்பளத்தில் லாரி போகும் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கும் கேட்டுவிட்டுப் போங்கள். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பில் ஓட்டினால் ஓரம் உடையும். வேலை செய்பவர்கள் சுமையோடு நடக்கும் வழி அது. சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, மேலச்செல்வனூர் கண்மாய்களில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூடு கட்டும் மாதங்களில் அந்தக் கரைகளை விட்டுவிடுவதுதான் சரி. தனுஷ்கோடி ரோடு அழகுதான், ஆனால் அது தார் ரோடு, சுற்றுலா வண்டிகளும் அதிகம். இரண்டு பக்கமும் கடல் என்பதால் போய்வந்த அன்றே சைக்கிளைக் கழுவியாக வேண்டும்.

இனி டயர். 700 அளவு சக்கரத்தில் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் போடுங்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 43 அல்லது 45 போடலாம். 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ் டயரில் கெட்டியான சரளைக்கு முன்னே 28, பின்னே 31 பிஎஸ்ஐ காற்று வைக்கலாம். பனங்காட்டு மணலில் 20, 23 வரை இறக்கினால்தான் சக்கரம் புதையாமல் மேலே மிதந்து போகும். டியூப் போட்ட டயரில் இவ்வளவு குறைக்க முடியாது. ஒரு கல்லில் ஏறினாலே ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

டியூப்லெஸ் கட்டாயம் என்று சொல்வதற்கு மணலைவிடப் பெரிய காரணம் சீமைக்கருவேல முள். பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள்தான் மோசம். கரிமூட்டம் போட மரம் வெட்டிய இடங்களிலும், கண்மாய் தூர்வாரிய இடங்களிலும் சிறு கிளைகள் பாதையிலேயே கிடந்து காயும். மேலே புழுதி படிந்த பிறகு கண்ணுக்கே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் 50 மீட்டர் ஓட்டினாலும் டயரில் பல முள் ஏறிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்.

40 மி.மீ. டயருக்கு 60 முதல் 90 மில்லி சீலண்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். குளிர்ந்த ஊர்களில் அது சில மாதம் திரவமாகவே இருக்கும். இங்கே சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு வாரத்திலேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடுகிறது. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலப்பு கேட்காவிட்டால் 30 மில்லி சேருங்கள். முள் குத்தி ஒடிந்து நிற்கிறது, காற்றும் இறங்கவில்லை என்றால் வழியில் அதைப் பிடுங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் சீலண்ட் அங்கே வந்து அடைக்கும். டயரின் பக்கவாட்டில் விழும் கிழிசல் வேறு கதை. பனைமட்டையின் கருக்கு வாள்பல் மாதிரி அறுத்துவிடும். அதைச் சீலண்டும் அடைக்காது, ஓட்டைக்குள் திணிக்கும் பிளக்கும் நிற்காது. பழைய டயரிலிருந்து 3 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டிப் பையில் வைத்திருங்கள். உள்ளே அதை வைத்து, மேலே டியூப் போட்டு வீடு வந்துவிடலாம்.

அந்த டியூபை நீங்களே எடுத்துப் போக வேண்டும். ஊர்ச் சைக்கிள் கடையில் 28 அங்குல டியூப் கிடைக்கும், அளவும் கிட்டத்தட்ட ஒத்துவரும். ஆனால் அதன் வால்வு தண்டு தடிமன் 8 மி.மீ. பிரெஸ்டா என்னும் மெல்லிய வால்வுக்குப் போட்ட ரிம்மில் துளை 6.5 மி.மீ.தான், அதனால் நுழையாது. கடைக்காரர் துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்பார், விடாதீர்கள். பிரெஸ்டா அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் பெட்ரோல் பங்க்கிலும் காற்று அடிக்கலாம்.

கியரில் ஒரு மாற்றம் மட்டும் போதும். மலைக்காக வரும் 11–42 கேசட்டில் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) 21க்கு அடுத்து 24, அதற்கு அடுத்து 28 பல் என்று தாவுகிறது. எதிர்க்காற்றில் மணிக்கணக்காக மிதிக்கும்போது இந்தத் தாவல் காலைக் கொல்லும். ஒன்று மிகக் கனமாக இருக்கும், இல்லாவிட்டால் கால் வெறுமனே சுற்றும். 11–34 கேசட்டில் 21, 23, 25, 27 என்று நெருக்கமாக வருவதால் காற்றின் வேகத்துக்கு ஏற்ற கியர் எப்போதும் கையில் இருக்கும். முன்னே 38 அல்லது 40 பல் இருந்தால் மணலுக்கும் அந்த 34 போதும். மாற்றும்போது செயினில் 4 கண்ணி குறைத்து, டெரெய்லரில் (செயினைக் கியர் மாற்றும் கருவி) கேசட்டிலிருந்து இடைவெளி வைக்கும் பி-ஸ்க்ரூவையும் சரி செய்யுங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று. அப்போது காலையிலேயே சாயல்குடி பக்கம் போய், வெயில் ஏறியதும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது. வாடைக் காலத்தில் இதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதுகுளத்தூர் பக்கக் கரிசல் மண்ணுக்குள் இறங்கவே வேண்டாம். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிச் சக்கரம் நின்றுவிடும்.

இனி உப்பு. வீட்டுக்குள் நிறுத்திய சைக்கிளின் செயின் ஒரே இரவில் துருப்பிடிப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். பகலில் தூசி போலக் காய்ந்து கிடந்தது, கடலோர இரவில் உப்புத் தண்ணீராகிச் செயினில் உட்கார்ந்துவிடுகிறது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், உப்பளப் பாத்தியில் படிகம் கட்டும் நிலையிலுள்ள நீரில் 25 சதவீதத்துக்கு மேல். அந்தச் சேறு பட்ட சைக்கிளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

கழுவும் தண்ணீரில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதுதான். சந்தேகம் இருந்தால் எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தடிப்பாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. காவிரிக் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ 3 லிட்டர் போதும். முதலில் காய்ந்த மண்ணைப் பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானில் மேலிருந்து கீழாக அடியுங்கள். ஃபோர்க் தலைக்கு அடிப்பக்கம், பேடைப் பிடிக்கும் பிரேக் காலிப்பர், செயின், மிதிகட்டை அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட், இந்த நாலு இடத்துக்கும் கூடுதலாக. பைக் வாஷ் கடையின் பிரஷர் குழாய் பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும், வேண்டாம். துணியால் துடைத்து, அரை மணி நேரம் நிழலில் காயவிட்டு அதற்குப் பிறகே எண்ணெய். வறண்ட மாதங்களில் மெழுகு வகை நல்லது, மணல் ஒட்டாது. மழைக்காலத்தில் மெழுகு கழுவிப் போய்விடும். அப்போது திரவ எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

உப்பு முதலில் தாக்குவது இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தை. ஸ்டீல் ஸ்போக்கும் அதை ரிம்மில் முடுக்கும் அலுமினிய நிப்பிளும் சேர்ந்தால் நிப்பிள் வெள்ளைப் பொடியாகி, ஒருநாள் சக்கரத்தை நேராக்கத் திருப்பும்போது உடையும். சக்கரம் கட்டச் சொல்லும்போதே பித்தளை நிப்பிள் கேளுங்கள், எடை கொஞ்சம்தான் கூடும். ஒரே உலோகம் என்றாலும் அலுமினிய ஃபிரேமில் உள்ள அலுமினிய சீட் போஸ்டையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். விட்டுவிட்டால் ஃபிரேமோடு பிடித்துக்கொண்டு, அறுத்து எடுக்கும் நிலை வரும். பாட்டில் ஸ்டாண்ட் திருகுகளுக்கும் இதே கதி, அங்கும் கிரீஸ் வேண்டும். கேபிள் டிஸ்க் பிரேக்கின் உள்பக்கப் பேடைச் சரிசெய்யும் திருகு அசையாமல் இருந்தால் இறுகிவிடும். மாதம் ஒருமுறை அரைச் சுற்று திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். சமதரையில் பேட் எளிதில் தேயாது என்பதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

கேபிள் கம்பியை வருடம் ஒருமுறை, மழை முடிந்து தை மாதத்தில் மாற்றுங்கள், ஸ்டெயின்லெஸ் மட்டும். செயினை அளவுகோலில் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் கேசட் தப்பிக்கும். 11 கியர் செயினும் பிரெஸ்டா டியூபும் ஊர்க்கடையில் அவசரத்துக்குக் கிடைக்காது. ஆளுக்கு ஒரு செயின், இரண்டு டியூப், ஒரு பாட்டில் சீலண்ட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.