ஜான் வுடனின் வெற்றிப் பிரமிட் போஸ்டர்: சுவருக்கு மட்டும் என்றால் வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கோச் ஜான் வுடன், வெற்றிக்குத் தேவையான குணங்களைப் பிரமிட் வடிவில் அடுக்கிய போஸ்டர் இது. கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவர்கள் இதை வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் உடை மாற்றும் அறையில் ஒட்டிவிட்டால் போதும், பசங்க தானாகப் படித்துத் தேறிவிடுவார்கள் என்று நம்பி வாங்கினால் காசு வீண்.

மொத்தம் 15 கட்டங்கள். அடிவரிசையில் ஐந்து, அதன் இரு மூலைகளிலும் கடின உழைப்பும் உற்சாகமும், நடுவில் நட்பு, விசுவாசம், ஒத்துழைப்பு. அதற்கு மேல் தன்னடக்கம், விழிப்பு மாதிரியான நான்கு. உடல்தகுதியும் ஆட்டத்திறனும் மூன்றாவது வரிசையில்தான் வருகின்றன! எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த வரிசைதான், ஏனென்றால் நம்மில் பலர் முதல் நாளே பந்தைக் கையில் கொடுத்து ஷூட்டிங்கில் ஆரம்பித்துவிடுகிறோம், குணம், பழக்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

இதை உருவாக்கியவரின் கதை தெரிந்தால்தான் போஸ்டர் புரியும். பர்டியூ பல்கலைக்கழக அணியில் ஆடி, மூன்று முறை ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவர், ஆனவர் வுடன். 1932இல் படிப்பு முடித்து, பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே கோச்சாகவும் இருந்தார். பிள்ளை 'ஏ'யோ 'பி'யோ வாங்கவில்லை என்றால் தோற்றுவிட்டதாகவே பெற்றோர் நினைத்தது அவரை உறுத்தியது. நம்மால் எவ்வளவு சிறப்பாக வரமுடியுமோ அதற்கான முயற்சியை முழுதாகச் செய்தோம் என்ற மனநிறைவே வெற்றி என்று 1934இல் எழுதிவைத்தார். அதிலிருந்து வளர்ந்த பிரமிட் 1948வாக்கில் முழுமையானது, அதே வருடம்தான் யூசிஎல்ஏ என்ற லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போனார். முதல் தேசியப் பட்டம் எப்போது? 1964இல், தனது 16வது சீசனில். அங்கிருந்து 1975 வரை 12 சீசனில் 10 பட்டங்கள், இடையில் தொடர்ச்சியாக 88 வெற்றிகள். பிரமிடின் உச்சிக்கு அருகே பொறுமை என்று ஒரு சொல் இருக்கிறது, அந்த 16 சீசன்களை மனதில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

போஸ்டரில் இல்லாதது அவருடைய பிராக்டிஸ். முதல் நாளில், கல்லூரி வீரர்களுக்கு, சாக்ஸை மடிப்பு விழாமல் எப்படிப் போடுவது என்று காட்டுவாராம், மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. எந்தப் பயிற்சி எத்தனை நிமிடம் என்று சின்ன அட்டையில் எழுதிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். அவருடைய கடைசி சீசனில் தார்ப், கேலிமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள், பெரும்பகுதி பாராட்டும் இல்லை திட்டும் இல்லை, எதை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள்தான். கடைசிவரை அவர் ஒரு வாத்தியார்.

அதனால் நான் ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விழிப்பு என்றால் அந்த வாரம் ரீபவுண்டின்போது, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கும்போது, யார் எங்கே நின்றார்கள் என்று பசங்களே சொல்ல வேண்டும், சொல்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள். விசுவாசம்தான் கஷ்டம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் அதை வெறும் வார்த்தையாகச் சொல்ல முடியாது, அவனை ஆட்டத்தில் இறக்கிவிட்டுத்தான் சொல்ல முடியும்.

குறை என்றால் எழுத்து. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் விளக்கம் பொடிப்பொடியாக அச்சாகியிருக்கிறது, இரண்டடி தள்ளி நின்றால் தலைப்பு மட்டும்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் எப்படியும் பிடிபடாது, நாம்தான் நம் வார்த்தையில் சொல்ல வேண்டும். பெரிய அளவில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கூடவே ஒரு கட்டு வெற்று அட்டையும் பேனாவும்.